அரிசி, ஆறு, அட்டை: மலையில் தனியே இருக்கப் போகிறவர்களுக்கு

குமரி மாவட்டத்து மலையோரம் கீரிப்பாறை போகிற பஸ்ஸில் ஏறுகிற சில பையன்களைப் பையை வைத்தே இனம் கண்டுகொள்ளலாம். புது முதுகுப்பை. அதற்குள் நாலைந்து புத்தகம், கெட்டி அட்டை போட்ட நோட்டு, இன்னும் சாணை பார்க்காத கத்தி, ஒரு போர்வை, இரண்டு கிலோ அரிசி. உப்பு இருக்காது. தீப்பெட்டி ஒன்றே ஒன்று, அதுவும் சட்டைப் பையில், வியர்வையில் ஊறிக்கொண்டு. சாயாக்கடையில் “எங்க மக்கா போற?” என்று கேட்டால், “சும்மா, காளிகேசம் வரைக்கும்” என்பார்கள். பெரும்பாலானவர்கள் மூன்றாம் நாளோ நாலாம் நாளோ கால் முழுக்க அட்டைக்கடியோடு இறங்கிவிடுவார்கள். இறங்குகிறவர்களைப் பற்றிக் கவலை இல்லை. பிடிவாதக்காரர்களுக்குத்தான் இந்தக் கட்டுரை.

போவதே தப்பு என்று சொல்ல வரவில்லை. வேலையும் கடனும் கைபேசியும் சேர்ந்து ஆளைத் தின்னும்போது எங்காவது மலைமேல் போய் உட்கார்ந்தால் என்ன என்று தோன்றும், தோன்றாதவர்கள் குறைவு. குமரி மாவட்டத்தில் அதற்கு ஆயிரம் வருடத்துக்கு மேலான வழித்தடம் உண்டு. சிதறால் மலையில் 9-ஆம் நூற்றாண்டில் சமணத் துறவிகள் இருந்தார்கள். நாராயண குரு 1888-ல் அருவிப்புறத்தில் சிவலிங்கம் நிறுவுவதற்கு முன்னால் மருந்துவாழ் மலையின் பிள்ளைத்தடம் குகையில் தவம் இருந்தார். விவேகானந்தர் 1892 டிசம்பர் கடைசியில் குமரிமுனைப் பாறையில் மூன்று நாள் இருந்தார். அய்யா வைகுண்டர் ஆறு வருடத் தவத்தைச் சாமித்தோப்பிலேயே இருந்தார்.

இந்த நாலு இடத்தையும் ஒருமுறை காலால் நடந்து பார்த்துவிட்டு வாருங்கள். சிதறாலில் மேலே ஏற அரைமணி நேரம் கூட ஆகாது. பாறையில் தண்ணீர் தேங்கும் சுனை இருக்கிறது, கீழே ஊர் தெரிகிறது. மருந்துவாழ் மலையின் அடிவாரம் பொற்றையடி. நாகர்கோவிலிலிருந்து கன்னியாகுமரி போகிற பெரிய சாலை பக்கத்திலேயே ஓடுகிறது. விவேகானந்தர் பாறை கரையிலிருந்து கண்ணுக்கெட்டும் தூரம். வைகுண்டர் இருந்தது மனிதர்கள் நடமாடும் இடத்தில்தான். எல்லாமே உரக்கக் கூப்பிட்டால் யாராவது வரக்கூடிய இடங்கள். தவத்துக்குப் போனவர்கள் ஊர்ப்பேச்சை விட்டுப் போனார்கள், கஞ்சிக்கலயம் எட்டாத இடத்துக்குப் போகவில்லை. இந்தக் காலத்துப் பையன்கள் பார்த்து வளர்கிற கதை வேறு. ஆள் அண்டாத காடு, கையில் ஒரு கத்தி, தன்னந்தனியே. அது இந்த மண்ணின் முறை அல்ல, இந்தக் காட்டில் அது நடக்கவும் நடக்காது.

அந்தக் கதைக்கு எல்லோரும் காட்டுகிற ஆள் அமெரிக்கரான கிறிஸ்டோபர் மெக்கன்ட்லெஸ். 1990-ல் எமரி பல்கலைக்கழகத்தில் பட்டம் முடித்தார். கையிலிருந்த சுமார் 24,000 டாலரைத் தர்மத்துக்குக் கொடுத்துவிட்டு ஊர் ஊராக அலைந்தார். 1992 ஏப்ரல் 28 அன்று அலாஸ்காவில் ஸ்டாம்பீட் பாதை வழியே காட்டுக்குள் நடந்தார். பழைய பேருந்து ஒன்றில் தங்கினார். செப்டம்பர் 6 அன்று அவரைக் கண்டுபிடித்தபோது உடல் சுமார் 30 கிலோதான் இருந்தது. வயது 24. அவருடைய மனசைப் பற்றி எவ்வளவோ எழுதியாகிவிட்டது. நமக்கு அவருடைய அரிசிதான் வேண்டும்.

கொண்டுபோனது 10 பவுண்டு, அதாவது நாலரைக் கிலோ. சமைக்காத அரிசி 100 கிராமில் ஏறத்தாழ 350 கலோரி. நாலரைக் கிலோவில் சுமார் 16,000 கலோரி வரும். நடந்து, விறகு பொறுக்கி, தண்ணீர் சுமக்கிற இளைஞனுக்கு நாளொன்றுக்கு 2,500 கலோரிக்குக் குறையாமல் வேண்டும். ஆக, அந்த அரிசி ஆறு ஏழு நாள் சோறு. அவர் இருந்தது நூறு நாளுக்கு மேல். மிச்ச நாளெல்லாம் சின்னச் சின்ன விலங்குகள், பழம், கிழங்கு. ஜூனில் ஒரு பெரிய மூஸ் மானைச் சுட்டார், இறைச்சியைப் பதப்படுத்தத் தெரியாமல் புழு விழுந்து வீணாயிற்று. கொழுப்பில்லாத சிறு பிராணிகளின் கறியை மட்டும் தின்றால் வயிறு நிறையும், உடம்பு கரையும். பட்டினி என்பது அங்கே சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே நடந்தது.

இதே கணக்கை நம் சாப்பாட்டில் போடலாம். நாளுக்கு அரைக் கிலோ அரிசி 1,750 கலோரி. 100 கிராம் சிறுபயறு 340. 40 கிராம் தேங்காயெண்ணெய் 360. 50 கிராம் கருப்பட்டி 190 அளவுக்கு. கூட்டினால் 2,640. இதில் எண்ணெயைக் கவனியுங்கள்: சுமையில் மிகக் குறைவு, சத்தில் அரிசியைப்போல் இரண்டரை மடங்கு. பையில் முதலில் ஏற வேண்டியது அதுதான், ஒருவர்கூடக் கொண்டுவருவதில்லை. முப்பது நாளைக்கு 15 கிலோ அரிசி, 3 கிலோ பயறு, 1.3 லிட்டர் எண்ணெய், 1.5 கிலோ கருப்பட்டி. உப்பு, புளி, மிளகாய், தேயிலை சேர்த்தால் 22 கிலோவை ஒட்டி வரும். மலைப்பாதையில் பழக்கமில்லாத ஆள் சுமக்கக்கூடியது இவ்வளவுதான், இதற்கே முழங்கால் நோகும். அதாவது, எவ்வளவு பெரிய வைராக்கியம் இருந்தாலும் மாதம் ஒருமுறை குலசேகரத்துக்கோ பூதப்பாண்டிக்கோ இறங்கித்தான் ஆக வேண்டும். அதை முதல் நாளே ஏற்றுக்கொண்டு திட்டம் போடுகிறவர்கள் தப்பிக்கிறார்கள்.

அரிசிக்கு அடுத்தது ஆறு. மெக்கன்ட்லெஸ் ஏப்ரலில் டெக்லனிகா ஆற்றைக் கடந்தபோது அது அடங்கிக் கிடந்தது. ஜூலையில் ஊர் திரும்பலாம் என்று வந்து பார்த்தால் பனி உருகி வெள்ளம் கரைபுரண்டது. திரும்பிப் போனார், பேருந்திலேயே இறந்தார். அரை கிலோமீட்டருக்குள்ளேயே கையால் இழுத்துக் கடக்கிற கம்பித் தொட்டில் ஒன்று இருந்தது. விவரமான வரைபடம் கையில் இல்லாததால் அவருக்குத் தெரியவில்லை. அந்தப் பேருந்தைப் பார்க்கப் போன இரண்டு பெண்கள், 2010-லும் 2019-லும், அதே ஆற்றில் அடித்துக்கொண்டுபோய் இறந்தார்கள். 2020 ஜூனில் ஹெலிகாப்டரில் கட்டித் தூக்கி அதை அப்புறப்படுத்திவிட்டார்கள்.

இங்கே பனி இல்லை. அதைவிட வேகமான ஒன்று இருக்கிறது. காளிகேசம் ஓடையையோ கோதையாற்றுப் பக்கத்துத் தோடுகளையோ (சிற்றோடைகளையோ) பிப்ரவரியில் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு தாண்டிவிடலாம், கணுக்கால்தான் நனையும். ஐப்பசியில் மதியத்துக்குமேல் மாறாமலைப் பக்கம் இருட்டிக்கொண்டு வந்தால், கீழே வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே மலைவெள்ளம் இறங்கும். இரண்டு பருவமழையும் வாங்குகிற மாவட்டம் இது; ஜூனில் ஒருமுறை, அக்டோபரில் மறுமுறை. வெள்ளம் வருமுன் மூன்று அடையாளம் உண்டு: தெளிந்த தண்ணீர் சாயா நிறத்துக்கு மாறும், சருகும் சுள்ளியும் நுரையோடு மிதந்து வரும், ஓடையின் சலசலப்பு கனத்த இரைச்சலாகும். ஒன்று தெரிந்தாலும் குளிப்பதை நிறுத்திவிட்டு மேலே ஏறிவிட வேண்டும். பாத்திரத்தை எடுக்கத் திரும்பக் கூடாது. ஓடையின் நடுவே பரந்த பாறை வெயிலில் எவ்வளவு அழகாகக் கிடந்தாலும் அதில் படுக்கக் கூடாது.

தங்குமிடம் தேர்வதில் எல்லா யோசனைக்கும் முந்தின யோசனை ஒன்றுதான். ஊர் எந்தக் கரையில் இருக்கிறதோ அந்தக் கரையில் தங்குங்கள். காலில் முறிவு, பாம்புக்கடி, காய்ச்சல் என்று எது வந்தாலும் ஆற்றைத் தாண்ட வேண்டிய கட்டாயம் இருக்கக் கூடாது. அக்கரையில்தான் தனிமை சுத்தமாக இருக்கும் என்று தோன்றும். சுத்தமாகத்தான் இருக்கும்.

இனிச் சட்டம். குமரி மாவட்டத்தின் மலைக்காடு பெரும்பகுதி காப்புக்காடு. அதில் 402 சதுர கிலோமீட்டர் கன்னியாகுமரி வனவிலங்குச் சரணாலயம். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதிச் சீட்டு இல்லாமல் உள்ளே போகக் கூடாது, ஆயுதம் கொண்டுபோகக் கூடாது, தீ மூட்டக் கூடாது. வெட்டோத்தி என்கிற வெட்டரிவாளை மட்டும் கையில் வைத்துக்கொண்டு நின்றால்கூட வேட்டைக்கு வந்தவன் என்றுதான் வனக்காவலர் நினைப்பார். அவர் மேல் குற்றமில்லை. அனுமதி எதற்கெல்லாம் கொடுக்கலாம் என்று சட்டத்திலேயே பட்டியல் இருக்கிறது: வனவிலங்கு ஆய்வு, புகைப்படம், அறிவியல் ஆராய்ச்சி, சுற்றுலா, உள்ளே குடியிருப்பவர்களோடு முறையான தொழில். தவம் அந்தப் பட்டியலில் இல்லை. ரேஞ்சர் அலுவலகத்தில் போய் “கொஞ்ச நாள் காட்டில் இருந்துவிட்டு வருகிறேன்” என்று கேட்டால் என்ன பதில் வரும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

சரணாலயத்துக்குள் காணி மக்களின் குடியிருப்புகள் இருக்கின்றன. அது அவர்களுடைய ஊர். “பழங்குடியினரோடு வாழப் போகிறேன்” என்று அழைப்பில்லாமல் போய் அவர்கள் திண்ணையில் குந்துவது மரியாதை இல்லை. அந்த வீட்டின் ஒரு நாள் அரிசியை நீங்கள் தின்கிறீர்கள் என்பதோடு, வெளியாளைத் தங்கவைத்தார்கள் என்று அவர்களைத்தான் விசாரிப்பார்கள். அவர்களிடம் கற்றுக்கொள்ள ஏராளம் உண்டு. 1987-ல் அகத்தியமலைக்குப் போன ஆராய்ச்சியாளர்கள், வழிகாட்டி வந்த காணிக்காரர்கள் ஏதோ ஒரு சின்னக் காயைத் தின்றுகொண்டு களைப்பே இல்லாமல் ஏறுவதைக் கவனித்தார்கள். அந்தக் காயின் செடியான ஆரோக்கியப்பச்சை பின்னால் மருந்தாகி, அதன் வருமானத்தில் காணி மக்களுக்கும் ஒரு பங்கு என்று ஏற்பாடானது. தனியே போயிருந்தால் அந்தச் செடியை மிதித்துக்கொண்டு போயிருப்பார்கள்.

அப்படியானால் எங்கே இருப்பது? பட்டா நிலத்தில். பேச்சிப்பாறை, குலசேகரம், அருமனை, தடிக்காரன்கோணம் பக்கம் மலையை ஒட்டி ரப்பர் தோட்டங்கள் கிடக்கின்றன. பாதிப் பேருக்கு அங்கே ஒரு மாமாவோ சித்தப்பாவோ இருப்பார். ரப்பர் ஷீட் அடிக்கிற ஷெட்டின் பக்கத்தில் ஒரு அறையைக் கேட்டு வாங்குங்கள். இதில் இன்னொரு வசதி உண்டு, அதை யாரும் யோசிப்பதில்லை. பால்வெட்டு நடக்கிற நாளெல்லாம் விடிகிற நேரத்துக்கு ஒருவர் வருவார். நீங்கள் பேச வேண்டாம். நீங்கள் எழுந்து நடமாடுகிறீர்கள் என்பதை ஒரு கண் பார்த்துவிட்டுப் போகும். அது போதும்.

முதல் தடவை மூன்று இரவு. அடுத்தது பத்து. அதற்குப் பிறகுதான் முப்பது. மூன்று இரவில் பையின் குறை தெரியும், பத்தில் உடம்பின் குறை தெரியும். ஏழாம் நாள் வாக்கில் மலச்சிக்கலோ வயிற்றுப்போக்கோ வரும், ஏதாவது ஒன்று. முப்பதில் மனசு தெரியும். எடுத்த எடுப்பில் ஒரு வருடம் என்று கிளம்புகிறவர்கள் இந்த மூன்றையும் ஒரே வாரத்தில் சந்திக்கிறார்கள்.

“விளைவித்துச் சாப்பிடுவேன்” என்பது அடுத்த கனவு. கனவுக்கு நாட்காட்டி கிடையாது, மரச்சீனிக்கு, அதாவது மரவள்ளிக்கு, உண்டு. ஒரு சாண் நீளக் கம்பாக, கணு மேல்நோக்கி, மூன்றடி இடைவெளியில் நட்டால் கிழங்கு பிடுங்க எட்டு முதல் பத்து மாதம். ஏத்தன் (நேந்திரன்) வாழை பத்து மாதத்துக்குமேல். கீரை 25 நாள், வெண்டை 45 நாள். இரண்டும் வயிற்றுக்குத் துணை, சோறு ஆகாது. ஆக முதல் எட்டு மாதம் கடையரிசிதான். ஒன்பதாம் மாதம் கிழங்கு முற்றியது உங்களுக்குத் தெரிவதற்கு முன்பே காட்டுப்பன்றிக்குத் தெரிந்திருக்கும். முள்ளம்பன்றி வேரோடு கொறித்துவிட்டுப் போகும். மரச்சீனியில் மாவுச்சத்துதான், புரதம் ஏறத்தாழ இல்லை. திருவிதாங்கூர் அரசர் விசாகம் திருநாள் காலத்திலிருந்து பஞ்சம் தாங்க ஊரெல்லாம் நட்ட கிழங்கு இது. கூடவே மீன்கறி வைத்துச் சாப்பிடுகிற நம்மூர் வழக்கம் வெறும் ருசிக்காக வந்ததல்ல. மீன் இல்லாத மலையில் பயறு கட்டாயம். கசப்பு ரகமாக இருந்தால் தோலை நன்றாக உரித்து, சின்னதாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் திறந்த பானையில் வேகவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். சுட்டுத் தின்னக் கூடாது. கசக்கிற கிழங்கின் நஞ்சு சுட்டால் முழுதாகப் போகாது.

காட்டுக் கிழங்கு விஷயம் தனி. இதில்தான் உயிர் போகிறது, நின்று சொல்ல வேண்டும். மழைக்காலம் முடிந்து கொடிகள் காய்ந்த பிறகு தோண்டினால் கவலைக்கிழங்கும் கிடைக்கும், செங்காந்தள் கிழங்கும் கிடைக்கும். கொடி பச்சையாக இருக்கும்போது குழப்பமே இல்லை. கவலை, வள்ளி இனங்களின் இலை இதய வடிவிலோ விரல்போல் பிரிந்தோ இருக்கும், நரம்பு வலைபோல் ஓடும், தண்டே மரத்தைச் சுற்றி ஏறும். செங்காந்தளின் இலை நீண்டு, நரம்பு நேர்கோடாக ஓடி, நுனி மட்டும் சுருண்டு பற்றுக்கம்பியாகிப் பக்கத்துக் கிளையைப் பிடிக்கும். கொடி காய்ந்துவிட்டால் இதெல்லாம் சருகு. அப்போது கிழங்கைப் பாருங்கள். செங்காந்தள் கிழங்கு வழுவழுப்பாக, இரண்டு விரல் தடிமனில், ஏர்க்கலப்பைபோல் வளைந்து இரண்டு கொம்பாக இருக்கும். அதனால்தான் கலப்பைக்கிழங்கு என்று பெயர். வள்ளியில் மயிர்போல் சிறுவேர் மண்டியிருக்கும். ஆனால் கொம்பு ஒடிந்து ஒரு துண்டு மட்டும் கைக்கு வந்தால், பசியில் இருக்கிற ஆளுக்கு இரண்டும் ஒன்றுதான்.

தின்ற சில மணி நேரத்தில் வாந்தியும் பேதியும் ஆரம்பிக்கும். கொல்சிசின் நஞ்சு, வேகவைத்தாலும் போகாது, மாற்று மருந்து என்று தனியாகவும் இல்லை. இரண்டு மூன்று நாளில் சிறுநீரகம், இதயம், ரத்தம் என்று ஒவ்வொன்றாகக் கைவிடும். தமிழ்நாட்டின் மாநில மலர் இது, கார்த்திகையில் மலைச்சரிவில் தீப்பிடித்ததுபோல் பூத்துக் கிடக்கும். அதைப் பார்த்து இடத்தை மனசில் குறித்துக்கொள்ளுங்கள், அங்கே பிறகு தோண்டாதிருப்பதற்காக. உண்ணக்கூடிய வள்ளி இனத்திலேயேகூடச் சிலவற்றை ஓடும் தண்ணீரில் நாள்கணக்கில் ஊறவைத்துத்தான் தின்ன முடியும். தெரிந்தவர் கையில் காட்டிக் கொடுக்காத எதையும் தோண்டித் தின்பதில்லை என்று வைத்துக்கொள்வது நல்லது. காளானுக்கும் இதே விதி, இன்னும் கடுமையாக. வெள்ளிக்காசு கறுக்கிறதா, பூச்சி அரித்திருக்கிறதா என்பதெல்லாம் சோதனையே அல்ல. மிக மோசமான வகையில் முதல் வாந்திக்கே ஆறு மணி நேரத்துக்குமேல் ஆகும், நடுவில் ஒரு நாள் தெளிந்ததுபோல் இருக்கும், பிறகு ஈரல் போகும். தெளிந்த அந்த நாளில்தான் ஆட்கள் ஆஸ்பத்திரிக்குப் போகாமல் விட்டுவிடுகிறார்கள்.

தண்ணீர்: கொதி வந்த பிறகு ஒரு நிமிடம் தளதளவென்று கொதிக்க வேண்டும். ரப்பர் தோட்டத்துக்குள்ளிருந்து வருகிற ஓடையானால் இன்னொன்றும் பார்க்க வேண்டும். மழைக்கு முன்னால், ஏப்ரல் மே மாதங்களில், இலை உதிர்வு நோய்க்குத் தாமிர மருந்து அடிப்பார்கள். கொதிக்கவைத்தால் கிருமி சாகும், தாமிரம் போகாது. அந்த மாதங்களில் கிணறோ தோட்டத்துக்கு மேலே இருக்கிற ஊற்றோதான். வெளிக்குப் போகிற குழி ஓடையிலிருந்து எழுபது அடிவைப்பு தள்ளி, ஒரு சாண் ஆழம், மண்ணைத் திரும்ப மூட வேண்டும். கீழே அந்தத் தண்ணீரைத்தான் ஒரு ஊர் குடிக்கிறது. வயிற்றுப்போக்கு வந்தால் ஒரு லிட்டர் கொதித்து ஆறின தண்ணீரில் தலைதட்டி ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. உப்பு கூடினால் நாக்கே சொல்லும்: கண்ணீரைவிடக் கரிக்கக் கூடாது.

அட்டையைக் கண்டு எல்லோரும் பயப்படுகிறார்கள், அது அவ்வளவு பெரிய எதிரி இல்லை. பிய்த்து இழுக்காமல் நகத்தை வைத்து ஓரமாகத் தள்ளினால் விட்டுவிடும். ரத்தம் ரொம்ப நேரம் நிற்காது, ஏனென்றால் அது உறையாமல் இருக்க ஒன்றைச் செலுத்திவிட்டுத்தான் குடிக்கிறது; துணியை வைத்து அழுத்திக்கொண்டிருங்கள். காலுறைக்கு வெளியே புகையிலை ஊறின தண்ணீரும் உப்பும் தடவினால் ஏறுவது குறையும். ஆபத்து அதற்குப் பிறகு வருகிறது. அரிப்பில் சொறிந்து புண்ணாக்கி, அந்தக் காலோடு வெறுங்காலாகச் சேற்றிலும் சானலிலும் (கால்வாயிலும்) இறங்குகிறார்கள். எலிச் சிறுநீர் கலந்த தண்ணீரிலிருந்து எலிக்காய்ச்சல் நுழைவது அந்தப் புண் வழியாக. காய்ச்சலோடு கெண்டைக்கால் தசை தொட முடியாமல் வலித்து, கண் சிவந்தால் அதே நாள் இறங்க வேண்டும். உண்ணிக் காய்ச்சல் இன்னொன்று: அக்குள், இடுப்பு மடிப்பு, முழங்கால் பின்பக்கம் எங்காவது சிகரெட்டால் சுட்டதுபோல் ஒரு கறுத்த பொருக்கு இருக்கும், வலிக்காது. தனியாக இருக்கிறவருக்கு அது கண்ணில் படாத இடம். ஒரு சின்னக் கண்ணாடி வைத்துக்கொள்ளுங்கள், முகம் பார்க்க அல்ல. டாக்டரிடம் போனால் மலையில் தங்கியிருந்ததைச் சொல்லுங்கள், அதைச் சொன்னால்தான் அவருக்கு வழி கிடைக்கும்.

பாம்பு என்றால் இரவில் தரையில் படுக்காமல் இருப்பதே பாதி வைத்தியம். கட்டுவிரியன் தூங்குகிறவர் படுக்கையோரம் வந்து கடிக்கும், வலியே இருக்காது, விடியும்போது இமை தூக்க முடியாது. கயிற்றுக் கட்டில் ஒன்றும், விளிம்பைப் பாய்க்கடியில் செருகின கொசுவலையும் போதும். அணலி (கண்ணாடிவிரியன்), நல்லபாம்பு, கட்டுவிரியன், சுருட்டை நாலுக்கும் அரசு ஆஸ்பத்திரியில் விஷமுறிவு மருந்து உண்டு. ரப்பர் சருகுக்குள் கிடக்கிற, மூக்குநுனி தூக்கின சின்னக் குழிவிரியனுக்கு அந்த மருந்து கேட்காது, சிறுநீரகத்தைக் காப்பாற்றச் சிகிச்சை வேறு. ராஜநாகத்துக்கும் கேட்காது. ஆகவே சருகில் கை விடாதீர்கள், முழங்கால்வரை வரும் கம்பூட் இல்லாமல் அந்தியில் நடக்காதீர்கள். கடித்துவிட்டால் கத்தியால் கீறுவது, இறுக்கிக் கட்டுவது எதுவும் கூடாது. கடிபட்ட கையையோ காலையோ ஒரு பலகைத்துண்டில் வைத்து அசையாமல் கட்டி, 108-ஐக் கூப்பிட்டு, ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரிக்குப் போய்ச் சேர வேண்டும். இங்கேதான் ஊருக்கு எவ்வளவு தூரம் என்ற கேள்வி திரும்ப வருகிறது. இருட்டில் மலைப்பாதை 5 கிலோமீட்டருக்கு இரண்டு மணி நேரம் ஆகும். தானே நடந்தால் விஷமும் கூடவே நடக்கும்.

யானைக்கும் கரடிக்கும் சுருக்கமாக: பழுத்த சக்கைப்பழத்தையும் (பலாப்பழத்தையும்) உப்பு மூட்டையையும் படுக்கிற அறையில் வைக்காதீர்கள், அந்தியிலும் விடியலிலும் ஓடைக்குப் போகாதீர்கள், புதர் மண்டின வளைவில் கைதட்டிக்கொண்டோ பாடிக்கொண்டோ போங்கள். கரடி தாக்குவது பெரும்பாலும் திடுக்கிட்டுத்தான்.

காற்றைப் பற்றி மேற்குப் பக்கத்துக்காரர்களுக்கு அவ்வளவு தெரியாது. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே ஜூனிலிருந்து செப்டம்பர் வரை அடிக்கிற காற்றுக்குத்தான் முப்பந்தலில் அத்தனை காற்றாலை. கிழக்குப் பக்கத்துக் குன்றுகளில் அந்த மாதங்களில் தார்ப்பாய் கட்டினால் இரண்டு இரவில் கண்ணி பிய்ந்துவிடும். கட்டியே ஆக வேண்டும் என்றால் இடுப்பளவு உயரத்தில், முதுகுப்புறம் மேற்கே வருகிறாற்போல், மூலையில் ஓட்டைபோடாமல் உருண்டைக் கல்லைப் பாயில் பொதிந்து அதன் கழுத்தில் கயிற்றை முடியுங்கள். மேற்குப் பக்கத் தோட்டங்களில் பயம் வேறு. ரப்பர் மரம் லேசில் முறியும். 2017 நவம்பர் 30 ஒக்கிப் புயலில் தோட்டம் தோட்டமாக ஒடிந்து கிடந்தது. மரத்தடியில் கூடாரம் வேண்டாம்.

அடைமழையில் தீ மூட்ட முடியாமல்தான் பாதிப் பேர் இறங்குகிறார்கள். வெயில் இருக்கும்போதே தென்னஞ்சில்லாட்டையும் கொதும்பும் (காய்ந்த பாளை மூடியும்) ஒரு சாக்கு சேர்த்துக் கூரைக்கடியில் கட்டித் தொங்கவிடுங்கள். சிரட்டையில் காய்ந்து ஒட்டின ரப்பர்ப்பாலை விரல் நீளம் கிழித்துக் கொளுத்தினால் ஈர விறகும் பற்றும். கறும்புகை வரும், வாசல் பக்கமாக வைத்துக்கொள்ளுங்கள். தீப்பெட்டி நாலு, தனித்தனியாக, மூடி இறுகுகிற டப்பாவில். கருவாட்டை அடுப்புக்கு மேலே பரணில் வையுங்கள். மூலையில் வைத்தால் ஆனி மாதத்தில் ஒரு வாரத்தில் பூஞ்சை பிடிக்கும்.

மனசு என்ன செய்யும் என்பதற்கும் ஒரு வரிசை உண்டு. முதல் இரண்டு நாள் உற்சாகம். மூன்றிலிருந்து ஐந்துக்குள் பயம் வரும் என்று நினைத்திருப்பார்கள், சலிப்பு வரும். கொண்டுபோன புத்தகம் ஓடாது. மதியம் இரண்டு மணி நகரவே நகராது. அந்த நேரத்துக்கென்று கை வேலை ஒன்று வேண்டும்: ஓலை முடையலாம், விறகு பிளக்கலாம், சுவருக்கு மண் பூசலாம். பத்து நாளைக்குமேல் கவனிக்க வேண்டியது அடுப்பு. “பசிக்கவில்லை” என்று இரண்டு வேளை தொடர்ந்து உலை வைக்காமல் விட்டால் அதை விரதம் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். உடம்பு மெலியும்போது முடிவெடுக்கிற புத்திதான் முதலில் மெலிகிறது, அது மெலிவது தனியாக இருக்கிற ஆளுக்குத் தெரியாது. போகும்போதே திரும்பி வர மனசில்லாமல் போகிறவர்களும் உண்டு. அப்படியொரு எண்ணம் இருந்தால் மலை அதற்கு இடமில்லை. 14416-க்குப் போன் செய்தால் எந்த நேரமும் தமிழில் பேச ஆள் உண்டு.

வீட்டில் சொல்லாமல் போவதை எல்லாரும் பெரிய துறவாக நினைக்கிறார்கள். நடப்பது என்னவென்றால், மூன்றாம் நாள் அம்மா ஸ்டேஷனில் நிற்பாள், ‘காணவில்லை’ என்று வழக்குப் பதிவாகும், கூடப் படித்தவனை விசாரிப்பார்கள். ஏழு வருடம் ஒரு தகவலும் இல்லாவிட்டால் இறந்ததாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும். அதுவரை வீட்டில் ஒரு பத்திரம்கூடக் கிரயமாகாமல் கிடக்கும். இரண்டு பக்கத்துக்குக் கடிதம் எழுதுங்கள்: எங்கே இருப்பேன், யார் நிலம், எந்த நாள் இறங்குவேன், உடம்புக்கு என்ன மருந்து சாப்பிடுகிறேன், ரத்தம் எந்த வகை. ஒரு நகல் வீட்டுக்கு, ஒரு நகல் நிலத்துக்காரருக்கு.

கிழமை ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள், சனி என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு சனியும் பதினோரு மணிக்குள் கீழே சாயாக்கடைக்கு வந்து ஒரு கட்டன் (பாலில்லாத சாயா) குடிக்க வேண்டும். பேச வேண்டியதில்லை, மௌனவிரதம் என்றால் தலையை ஆட்டினால் போதும். வராவிட்டால் ஞாயிறு காலை பால்வெட்டுக்காரர் கதவைத் தட்டுவார்; கதவு திறக்காவிட்டால் உள்ளே போவார்; ஆள் இல்லாவிட்டால் நிலத்துக்காரருக்கும் ரேஞ்சர் அலுவலகத்துக்கும் அன்றைக்கே சொல்வார். இந்த நாலு வரியை அவரிடம் வாயால் சொல்லி, அவர் வாயால் திரும்பச் சொல்லவைத்துக் கேட்டுக்கொள்ளுங்கள். சாயாக்கடைக்காரருக்கு முன்பணமாக ஒரு மாதக் கட்டனுக்குக் கொடுத்துவிடுங்கள், கணக்கு இருக்கிற ஆளை யாரும் மறப்பதில்லை.